ஜாவா சீரியலைசேஷனும் இன்ஹெரிட்டன்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் உள்ள ஆப்ஜெக்டைப் பைட்டுகளாக எழுதிவைத்து, பிறகு அதே நிலையில் திரும்ப எடுக்கும் வசதிதான் சீரியலைசேஷன். ஜாவாவில் இது 1997-இல் வந்த ஜேடிகே (ஜாவா நிரல் எழுதுவதற்கான கருவித்தொகுப்பு) 1.1 முதலே இருக்கிறது. தனியாக நிற்கும் கிளாஸ் என்றால் பெரிதாகச் சிக்கல் வராது. ஒரு கிளாஸ் இன்னொன்றை எக்ஸ்டெண்ட் செய்யும்போதுதான், அதாவது இன்ஹெரிட்டன்ஸ் வரும்போதுதான், மதிப்புகள் காணாமல் போவதும், பழைய கோப்புகள் திறக்க மறுப்பதும் தொடங்கும். இங்கே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த இடத்தைப் பற்றியவை.

எடுத்துக்காட்டுக்கு இரண்டு கிளாஸ்கள். கணக்கு என்பது தாய்க் கிளாஸ். அதில் லாங் வகையில் இருப்பு என்ற ஃபீல்டு. சேமிப்புக்கணக்கு அதை எக்ஸ்டெண்ட் செய்யும் சேய்க் கிளாஸ். அதில் டபுள் வகையில் வட்டி. இந்தப் பெயர்களை நிரலில் தமிழிலேயே வைக்கலாம், ஜாவா கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். ஜேடிகே 18-க்கு முந்தைய பதிப்பு என்றால் கம்பைல் செய்யும்போது என்கோடிங் யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டுவிடுங்கள்.

தாய்க் கிளாஸ் சீரியலைசபிள் என்று அறிவித்துவிட்டேன். சேய்க் கிளாசிலும் எழுத வேண்டுமா?

வேண்டாம். சீரியலைசபிள் ஒரு இன்டர்ஃபேஸ் என்பதால் தாயிடமிருந்து சேய்க்குத் தானாக வந்துவிடும். அதில் மெத்தட் எதுவும் கிடையாது, வெறும் அடையாளம். ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு: தாய்க் கிளாசில் அந்த ஒரு சொல்லைச் சேர்த்தவர், இனி யாரோ எழுதப்போகும் எல்லாச் சேய்க் கிளாஸ்களையும் சேர்த்தே சீரியலைசபிள் ஆக்கிவிடுகிறார். பிறர் எக்ஸ்டெண்ட் செய்யப்போகும் கிளாசில் இதை யோசிக்காமல் போடக் கூடாது.

தாய் சீரியலைசபிள் இல்லை, சேய் மட்டும் சீரியலைசபிள். அப்போது என்ன நடக்கும்?

எழுதும்போது எந்தப் பிழையும் வராது. கோப்பில் சேமிப்புக்கணக்கின் வட்டி மட்டும் போகும். கணக்கு கிளாசின் இருப்பு போகாது. அதைப் பற்றி ஒரு எச்சரிக்கைகூட வராது.

திரும்பப் படிக்கும்போது ஜேவிஎம் (ஜாவா நிரலை இயக்கும் மென்பொருள்) செய்வது இது. சேயிலிருந்து மேலே ஏறிப்போய், சீரியலைசபிள் அல்லாத முதல் கிளாஸ் எது என்று பார்க்கும். அந்தக் கிளாசின் ஆர்கியுமென்ட் இல்லாத கன்ஸ்ட்ரக்டரை (ஆப்ஜெக்டை உருவாக்கும்போது ஓடும் பகுதியை) மட்டும் ஓட்டும். வழக்கம்போல அதற்கு மேலுள்ள கன்ஸ்ட்ரக்டர்களும் ஓடும். கீழே உள்ள சீரியலைசபிள் கிளாஸ்களின் கன்ஸ்ட்ரக்டர்கள் எதுவுமே ஓடாது. ஃபீல்டு அறிவிப்பிலேயே கொடுத்த தொடக்க மதிப்புகளும் ஓடாது. ஆக, 50,000 ரூபாய் இருப்புள்ள கணக்கை எழுதிப் படித்தால் வட்டி சரியாக இருக்கும், இருப்பு 0 என்று நிற்கும். எக்செப்ஷன் வராததால் இது பல நாள் யார் கண்ணிலும் படாமல் இருக்கக்கூடிய தவறு. எழுதிப் படித்து எல்லா ஃபீல்டையும் ஒப்பிடும் யூனிட் டெஸ்ட் ஒன்று இருந்தால் முதல் நாளே பிடிபடும்.

"நோ வேலிட் கன்ஸ்ட்ரக்டர்" என்று இன்வாலிட்கிளாஸ்எக்செப்ஷன் வருகிறதே?

மேலே சொன்ன அதே விதிதான் காரணம். சீரியலைசபிள் அல்லாத தாய்க்கு ஆர்கியுமென்ட் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் இல்லை, அல்லது இருந்தும் பிரைவேட். பப்ளிக் அல்லது புரொடெக்டட் ஆக இருக்க வேண்டும். தாயும் சேயும் ஒரே பேக்கேஜ் என்றால் எந்தக் குறிப்பும் இல்லாமல் விட்டாலும் போதும். கம்பைலர் இதைப் பிழையாகக் காட்டாது. எழுதும்போதும் ஒன்றும் சொல்லாது. படிக்கும்போதுதான் வெடிக்கும், அதற்குள் ஆயிரக்கணக்கான கோப்புகள் எழுதப்பட்டிருக்கலாம்.

நல்ல செய்தி, அந்தக் கோப்புகள் கெட்டுப்போகவில்லை. தாய்க் கிளாசில் புரொடெக்டட் கன்ஸ்ட்ரக்டர் ஒன்றைச் சேர்த்தால் படித்துவிடலாம். தாயின் மதிப்புகள் மட்டும் கிடைக்காது, அவை எழுதப்படவே இல்லை.

தாய் கிளாஸ் வேறு லைப்ரரியில் உள்ளது, மாற்ற முடியாது. அதன் மதிப்புகளை எப்படிக் காப்பாற்றுவது?

சேய்க் கிளாசில் பிரைவேட் ஆக ரைட்ஆப்ஜெக்ட், ரீட்ஆப்ஜெக்ட் என்ற இரண்டு மெத்தடுகளையும் எழுதுங்கள். ரைட்ஆப்ஜெக்டில் முதலில் டிஃபால்ட்ரைட்ஆப்ஜெக்ட், அடுத்து கெட்டர் மூலம் எடுத்த இருப்பை ரைட்லாங் கொண்டு எழுதுவது. ரீட்ஆப்ஜெக்டில் அதே வரிசை: டிஃபால்ட்ரீட்ஆப்ஜெக்ட், பிறகு ரீட்லாங், வந்த மதிப்பை செட்டரில் கொடுப்பது. வரிசை மாறினால் ஆப்ஷனல்டேட்டாஎக்செப்ஷன் போன்ற பிழைகளோ, அதைவிட மோசமாகத் தவறான மதிப்போ வரும்.

தாய்க்கு செட்டரே இல்லை, எல்லாம் கன்ஸ்ட்ரக்டர் வழியாகத்தான் என்றால் ப்ராக்ஸி (பதிலி) முறைதான் சுத்தமானது. தேவையான மதிப்புகளை மட்டும் வைத்திருக்கும் சிறிய ஸ்டாட்டிக் உள் கிளாஸ் ஒன்று எழுதுங்கள். சேமிப்புக்கணக்கின் ரைட்ரீப்ளேஸ் மெத்தட் எழுதும்போது அந்தச் சிறு ஆப்ஜெக்டைத் தரட்டும். படிக்கும்போது அந்தச் சிறு ஆப்ஜெக்டின் ரீட்ரிசால்வ் மெத்தட் உண்மையான கன்ஸ்ட்ரக்டரை அழைத்துச் சேமிப்புக்கணக்கை உருவாக்கட்டும். கன்ஸ்ட்ரக்டரில் உள்ள சரிபார்ப்புகளும் ஓடும், ஃபைனல் ஃபீல்டுகளும் தடையில்லாமல் நிரம்பும். சேமிப்புக்கணக்கின் ரீட்ஆப்ஜெக்டில் இன்வாலிட்ஆப்ஜெக்ட்எக்செப்ஷன் எறிந்துவிட்டால், ப்ராக்ஸியைத் தாண்டி வரும் போலி ஸ்ட்ரீமும் (பைட்டுத் தொடரும்) நின்றுவிடும். வெளியார் எக்ஸ்டெண்ட் செய்யும் கிளாசுக்கும், ஒன்றையொன்று சுற்றிச் சுட்டும் ஆப்ஜெக்டுகளுக்கும் இந்த முறை பொருந்தாது.

ஸ்ட்ரீமுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது?

இதை ஒருமுறை ஹெக்ஸ் எடிட்டரில் பார்த்துவிட்டால் மற்ற கேள்விகளுக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். தாய், சேய் இரண்டும் சீரியலைசபிள், பேக்கேஜ் பெயர் இல்லை, ஒரே ஒரு சேமிப்புக்கணக்கு ஆப்ஜெக்ட் என்று கொள்வோம்.

முதல் 4 பைட்டுகள் ஏசி, ஈடி, 00, 05. எல்லா ஜாவா ஸ்ட்ரீமும் இப்படித்தான் தொடங்கும். அடுத்த 73 என்றால் "ஆப்ஜெக்ட் வருகிறது", 72 என்றால் "கிளாஸ் விவரம் வருகிறது". பிறகு பெயரின் நீளம் 2 பைட், பெயர், கிளாசின் பதிப்பைக் குறிக்கும் எண்ணான சீரியல்வெர்ஷன்யுஐடி 8 பைட், கொடி 1 பைட், ஃபீல்டு எண்ணிக்கை 2 பைட், ஒவ்வொரு ஃபீல்டின் வகையும் பெயரும், முடிவுக்கு 78. யுடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். சேமிப்புக்கணக்கு என்ற பெயரில் 16 குறியீடுகள், எனவே 48 பைட். கணக்கு என்பதற்கு 18.

சேயின் விவரம் முடிந்ததும் தாயின் விவரம் அதே வடிவில் வரும். மேலே வேறு சீரியலைசபிள் கிளாஸ் இல்லை என்பதற்கு 70. அதன் பிறகுதான் மதிப்புகள், இப்போது வரிசை தலைகீழ்: முதலில் தாயின் இருப்பு 8 பைட், பின் சேயின் வட்டி 8 பைட். கூட்டிப் பார்த்தால் 160 பைட். அதில் உண்மையான மதிப்பு 16 தான். அதே ஸ்ட்ரீமில் இரண்டாவது சேமிப்புக்கணக்கை எழுதினால் விவரம் திரும்ப எழுதப்படாது, 22 பைட்டில் முடிந்துவிடும்.

கவனிக்க வேண்டியது, ஸ்ட்ரீமில் ஆப்ஜெக்ட் ஒரே கட்டியாக இல்லை. கிளாஸ் வாரியாகத் துண்டு துண்டாக இருக்கிறது. ஒவ்வொரு துண்டும் அந்தந்தக் கிளாசுக்கு மட்டுமே சொந்தம்.

ரைட்ஆப்ஜெக்டுக்குள் சூப்பரை (தாயின் அதே மெத்தடை) அழைக்க வேண்டுமா?

கூடாது, முடியவும் முடியாது, அது பிரைவேட். துண்டுகளை ஜேவிஎம் தானே தாயிலிருந்து சேய் வரை வரிசையாக ஓட்டும். சிலர் இதை புரொடெக்டட் ஆக்கி சூப்பர் அழைப்பு போடுவார்கள். பிரைவேட் அல்லாத ரைட்ஆப்ஜெக்டை ஜேவிஎம் கண்டுகொள்ளாது, வெறும் டிஃபால்ட் முறையில் எழுதிவிட்டுப் போய்விடும். ஜாவா 14-இல் வந்த சீரியல் அனோட்டேஷனைப் போட்டு லின்ட் எச்சரிக்கையை இயக்கினால், மெத்தட் அறிவிப்பில் உள்ள இத்தகைய பிழைகளைக் கம்பைலரே காட்டும்.

எழுதுவது, படிப்பது முழுவதையும் கிளாசிடமே விடும் எக்ஸ்டர்னலைசபிள் இன்டர்ஃபேஸ் மட்டும் விதிவிலக்கு. அங்கே ரைட்எக்ஸ்டர்னல், ரீட்எக்ஸ்டர்னல் இரண்டும் பப்ளிக். தாயின் பங்கை எழுதுவது சேயின் பொறுப்பு, சூப்பர் அழைப்பைக் கட்டாயம் நீங்களே போட வேண்டும். ஆர்கியுமென்ட் இல்லாத பப்ளிக் கன்ஸ்ட்ரக்டரும் தேவை.

தாயின் ரீட்ஆப்ஜெக்டில் ஒரு மெத்தடை அழைக்கிறேன், சேயில் நல் பாயின்டர் வருகிறது. ஏன்?

அந்த மெத்தடைச் சேய் ஓவர்ரைடு செய்திருக்கிறது, அதாவது தன் வடிவத்தில் மாற்றி எழுதியிருக்கிறது. தாயின் துண்டு படிக்கப்படும் நேரத்தில் சேயின் துண்டு இன்னும் படிக்கப்படவில்லை. அதன் ஃபீல்டுகள் எல்லாம் நல் (எதையும் சுட்டாத வெற்று மதிப்பு) அல்லது 0. ரீட்ஆப்ஜெக்டில் பிரைவேட் அல்லது ஃபைனல் மெத்தடை மட்டும் அழையுங்கள்.

சீரியல்வெர்ஷன்யுஐடி போடாவிட்டால் என்ன? தாயில் போட்டது சேய்க்கும் செல்லுமா?

செல்லாது. ஒவ்வொரு கிளாசுக்கும் தனித்தனி. அப்ஸ்ட்ராக்ட் தாய்க்கும் வேண்டும், ஸ்ட்ரீமில் அதன் விவரமும் இருப்பதால் அதன் எண்ணும் சரிபார்க்கப்படும்.

நீங்கள் போடாவிட்டால், கிளாசின் பெயர், இன்டர்ஃபேஸ்கள், ஃபீல்டுகள், பிரைவேட் அல்லாத மெத்தடுகள், கன்ஸ்ட்ரக்டர்கள் ஆகியவற்றை ஷா-1 என்ற ஹாஷ் முறை கொண்டு சுருக்கி ஜாவாவே ஒரு எண்ணைக் கணக்கிடும். அதனால் டேட்டாவுக்குத் தொடர்பே இல்லாத ஒரு பப்ளிக் மெத்தடைச் சேர்த்தாலும் எண் மாறி, பழைய கோப்பு "லோக்கல் கிளாஸ் இன்கம்பேட்டிபிள்" என்று நின்றுவிடும். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு வழி உண்டு. அந்தப் பிழைச் செய்தியிலேயே ஸ்ட்ரீமின் எண்ணும் உங்கள் கிளாசின் எண்ணும் அச்சாகும். ஸ்ட்ரீமின் எண்ணை எடுத்துப் புதிய கிளாசில் பிரைவேட் ஸ்டாட்டிக் ஃபைனல் லாங் ஆக அறிவியுங்கள். பழைய ஜார் கோப்பு (கம்பைல் செய்த கிளாஸ்களின் தொகுப்பு) கையில் இருந்தால் ஜேடிகேயுடன் வரும் சீரியல்வெர் கருவியும் அதே எண்ணைத் தரும். புதிய கிளாஸ் என்றால் 1 என்று தொடங்குவதே போதும்.

ஒரு ஃபீல்டைச் சேயிலிருந்து தாய்க்கு நகர்த்தினேன். பழைய கோப்பில் அதன் மதிப்பு காணவில்லை.

ரீஃபாக்டரிங்கில் மிகச் சாதாரணமாகச் செய்யும் இந்த மாற்றம்தான் சீரியலைசேஷனில் மிக ஆபத்தானது என்பது எங்கள் கருத்து. சேமிப்புக்கணக்கில் கிளை என்ற ஃபீல்டு இருந்தது, இப்போது கணக்குக்குப் போய்விட்டது. பழைய ஸ்ட்ரீமில் சேயின் துண்டில் கிளை இருக்கிறது. புதிய சேய்க்கு அது தெரியாது, தூக்கிப்போடும். தாயின் துண்டில் கிளை இல்லை, நல் வைத்துவிடும். சீரியல்வெர்ஷன்யுஐடி ஒன்றாகவே இருப்பதால் எக்செப்ஷன் வராது. நிரல் எழுதும் மென்பொருளான ஐடிஇயில் ஒரு சொடுக்கில் முடியும் வேலை, டேட்டாவைச் சத்தமில்லாமல் அழித்துவிடுகிறது.

சரிசெய்ய: சேய்க் கிளாசில் சீரியல்பெர்சிஸ்டென்ட்ஃபீல்ட்ஸ் அறிவித்து, அதில் வட்டி, கிளை இரண்டையும் சேருங்கள். பட்டியலில் விட்டுப்போனது எழுதப்படாது என்பதால் வட்டியை மறக்கக் கூடாது. ரைட்ஆப்ஜெக்டில் புட்ஃபீல்ட்ஸ் எடுத்து, வட்டியை மட்டும் அதில் வைத்து, ரைட்ஃபீல்ட்ஸ் அழையுங்கள்; கிளாசில் இல்லாத கிளை பட்டியலில் இருப்பதால் டிஃபால்ட் முறையில் எழுதினால் இன்வாலிட்கிளாஸ்எக்செப்ஷன் வரும். ரீட்ஆப்ஜெக்டில் ரீட்ஃபீல்ட்ஸ் மூலம் இரண்டையும் எடுங்கள். இந்த முறையில் எதுவும் தானாக நிரம்பாது, வட்டியையும் நீங்களே வைக்க வேண்டும். கிளை நல் இல்லை என்றால் மட்டும் தாயின் புரொடெக்டட் செட்டருக்குக் கொடுங்கள். அந்த "மட்டும்" முக்கியம்: புதிதாக எழுதிய ஸ்ட்ரீமில் சேயின் துண்டில் கிளை நல் ஆக வரும், சரிபார்க்காமல் வைத்தால் தாய் ஏற்கெனவே படித்த நல்ல மதிப்பை அது அழித்துவிடும்.

நடுவில் புதிதாக ஒரு தாய்க் கிளாஸ் நுழைத்தால்?

பழைய ஸ்ட்ரீம் படிக்கப்படும். புதிய தாயும் சீரியலைசபிள் என்றால் அதன் கன்ஸ்ட்ரக்டர் ஓடாது, ஃபீல்டுகள் நல் அல்லது 0. அறிவிப்பில் "பொது" என்று தொடக்க மதிப்பு கொடுத்திருந்தாலும் நல்தான். இந்தச் சூழலுக்கென்றே ரீட்ஆப்ஜெக்ட்நோடேட்டா என்ற பிரைவேட் மெத்தட் இருக்கிறது. ஸ்ட்ரீமில் அந்தக் கிளாசின் துண்டே இல்லாதபோது ஜேவிஎம் அதை அழைக்கும். தொடக்க மதிப்புகளை அங்கே வையுங்கள்.

சேமிப்புக்கணக்கை எழுதினேன், படித்தால் கணக்கு ஆப்ஜெக்ட் வந்து கிளாஸ்காஸ்ட்எக்செப்ஷன் தருகிறது.

தாயில் ரீட்ரிசால்வ் எழுதி அதை புரொடெக்டட் அல்லது பப்ளிக் ஆக்கியிருப்பீர்கள். அது சேய்க்கும் செல்லும், தாயின் ஆப்ஜெக்டையே திருப்பித் தரும். பிரைவேட் ஆக்கினால் தாய்க்கு மட்டும் செல்லும். ரைட்ரீப்ளேசுக்கும் இதே விதி. சிங்கிள்டன் (ஒரே ஒரு ஆப்ஜெக்ட் மட்டும் இருக்கும் கிளாஸ்) வேண்டும் என்பதற்காக ரீட்ரிசால்வ் எழுதுகிறீர்கள் என்றால் எனம் (enum) வகையைப் பயன்படுத்துங்கள். அது பெயரால் மட்டுமே எழுதப்படும், இரண்டாவது நகல் உருவாகவே உருவாகாது.

தாய் சீரியலைசபிள், ஆனால் என் சேய்க் கிளாஸ் எழுதப்படக் கூடாது.

சேயின் ரைட்ஆப்ஜெக்ட், ரீட்ஆப்ஜெக்ட் இரண்டிலும் நாட்சீரியலைசபிள்எக்செப்ஷன் எறியுங்கள். கடவுச்சொல் போன்ற ஒரு ஃபீல்டு மட்டும் போகக் கூடாது என்றால் அதன் அறிவிப்பில் டிரான்சியன்ட் என்ற சொல்லைச் சேர்த்தால் போதும்.

நாட்சீரியலைசபிள்எக்செப்ஷன் வருகிறது, எந்த ஃபீல்டு என்று தெரியவில்லை.

செய்தியில் கிளாஸ் பெயர் மட்டும் இருக்கும். ஜேவிஎம்மைத் தொடங்கும்போது சன்.ஐஓ.சீரியலைசேஷன்.எக்ஸ்டெண்டட்டீபக்இன்ஃபோ என்ற சிஸ்டம் ப்ராபர்ட்டியை ட்ரூ ஆக்கினால், எந்த ஆப்ஜெக்டின் எந்த ஃபீல்டு வழியாக அங்கே போனது என்ற முழுப் பாதையும் வரும். பல நேரம் காரணம் ஸ்டாட்டிக் அல்லாத உள் கிளாஸ்: அது வெளிக் கிளாசை மறைமுகமாகப் பிடித்துக்கொண்டு, அதையும் எழுத முயலும். ஸ்டாட்டிக் ஆக்கினால் தீர்ந்துவிடும்.

மதிப்பை மாற்றி அதே ஆப்ஜெக்டைத் திரும்ப எழுதினேன், பழைய மதிப்பே வருகிறது.

ஒரு ஸ்ட்ரீமில் ஒருமுறை எழுதிய ஆப்ஜெக்டை அடுத்த முறை எழுதும்போது "முன்பு எழுதியதைப் பார்" என்ற சுட்டு மட்டுமே போகும். ரீசெட் அழைத்துவிட்டு எழுதுங்கள். நீண்ட நேரம் திறந்திருக்கும் சாக்கெட்டில் அவ்வப்போது ரீசெட் அழைக்காவிட்டால், எழுதிய எல்லா ஆப்ஜெக்டுகளையும் ஸ்ட்ரீம் பிடித்துவைத்து நினைவகமும் நிரம்பும்.

ரெக்கார்டு இதையெல்லாம் தீர்க்கிறதா?

பெரும்பகுதி தீர்க்கிறது. ஜாவா 16-இல் நிலையான வசதியான ரெக்கார்டை (மதிப்புகளை மட்டும் தாங்கும் கிளாஸ் வகை) திரும்பப் படிக்கும்போது, எல்லா ஃபீல்டு மதிப்புகளையும் வாங்கும் அதன் கனானிக்கல் கன்ஸ்ட்ரக்டர் உண்மையிலேயே ஓடும். அதில் உள்ள சரிபார்ப்புகளைத் தாண்டி ஆப்ஜெக்ட் உருவாகாது. ரெக்கார்டு வேறு கிளாசை எக்ஸ்டெண்ட் செய்ய முடியாது, அதையும் யாரும் எக்ஸ்டெண்ட் செய்ய முடியாது. இன்ஹெரிட்டன்சை எடுத்துவிட்டதால்தான் இவ்வளவு எளிதாகிறது.

வெளியிலிருந்து வரும் ஸ்ட்ரீமைப் படிக்கலாமா?

கூடாது. ரீட்ஆப்ஜெக்ட் முடிந்த பிறகுதான் நீங்கள் காஸ்ட் செய்கிறீர்கள். அதற்குள் ஸ்ட்ரீமில் பெயர் உள்ள எந்த சீரியலைசபிள் கிளாசும் உருவாகி, அதன் ரீட்ஆப்ஜெக்ட் ஓடியிருக்கும். கிளாஸ்பாத்தில் சும்மா கிடக்கும் லைப்ரரி கிளாஸ்களைக் கோத்து விரும்பிய கட்டளையை இயக்க முடியும் என்பது 2015-இல் அபாச்சி காமன்ஸ் கலெக்‌ஷன்ஸ் வழியாக உலகுக்கே தெரிந்தது.

தவிர்க்க முடியாத பழைய நிரல் என்றால், ஜாவா 9-இல் வந்த ஆப்ஜெக்ட்இன்புட்ஃபில்டரில் அனுமதிப் பட்டியல் வையுங்கள். ஜாவா 8-இலும் 121-ஆம் அப்டேட்டிலிருந்து இந்த வசதி உண்டு. பட்டியலின் கடைசியில் ஆச்சரியக்குறியும் நட்சத்திரமும் போட்டு மற்ற எல்லாவற்றையும் மறுத்துவிடுங்கள். இங்கும் இன்ஹெரிட்டன்ஸ் குறுக்கிடும்: ஸ்ட்ரீமில் தாயின் விவரமும் இருப்பதால் ஃபில்டர் அதையும் கேட்கும். சேமிப்புக்கணக்கை மட்டும் அனுமதித்தால் போதாது, கணக்கும் வேண்டும். ஜாவா.லாங்.லாங் அனுமதித்தும் மறுக்கிறது என்றால் ஜாவா.லாங்.நம்பர் விட்டுப்போயிருக்கும்.

பைத்தானின் சீரியலைசேஷன் வசதியான பிக்கிளிலும் இதே ஆபத்து உண்டு. டாட்நெட்டின் பைனரிஃபார்மேட்டரை இதே காரணத்துக்காக டாட்நெட் 9-இல் எடுத்தே விட்டார்கள்.

ஜேசானுக்கு மாறினால் இன்ஹெரிட்டன்ஸ் சிக்கல் போய்விடுமா?

உரையாக எழுதும் ஜேசான் வடிவத்தில் துண்டு, யுஐடி சிக்கல்கள் போகும். தாயின் ஃபீல்டும் சேயின் ஃபீல்டும் ஒரே தட்டில் வருவதால் ஃபீல்டைத் தாய்க்கு நகர்த்தினாலும் பழைய கோப்பு அப்படியே படிக்கப்படும். புதிய திட்டம் என்றால் தயங்காமல் இந்தப் பக்கம் வாருங்கள்.

புதிதாக வருவது ஒன்று: ஜேசானில் கிளாஸ் பெயர் கிடையாது. கணக்கு அப்ஸ்ட்ராக்ட் என்றால் எந்தச் சேயை உருவாக்குவது என்று ஜாக்சன் என்ற ஜேசான் லைப்ரரிக்குத் தெரியாது, எக்செப்ஷன் எறியும். தாயின் மேல் ஜேசான்டைப்இன்ஃபோவில் நேம் முறையைத் தேர்ந்து, ப்ராபர்ட்டிக்கு "வகை" போன்ற பெயர் கொடுத்து, ஜேசான்சப்டைப்ஸில் "சேமிப்பு", "நடப்பு" என்று ஒவ்வொரு சேய்க்கும் பெயர் வையுங்கள். முழு கிளாஸ் பெயரை எழுதும் கிளாஸ் முறையையும் டிஃபால்ட் டைப்பிங்கையும் தொடாதீர்கள். எந்தக் கிளாசை உருவாக்குவது என்பதை அனுப்புபவர் தீர்மானிக்கும் அதே பழைய ஓட்டை அதில் திறந்துவிடும்.

எல்லாம் சரியாக வைத்தும் கணக்குகளின் லிஸ்டை நேரடியாக எழுதும்போது மட்டும் "வகை" வராமல் போகலாம். ஓடும் நேரத்தில் லிஸ்டின் ஜெனரிக் வகை அழிந்துவிடுவதால், உள்ளே இருப்பவை கணக்கு என்று ஜாக்சனுக்குத் தெரியாது. ரைட்டர்ஃபார் மெத்தடில் டைப்ரெஃபரன்ஸ் கொடுத்து எழுதுங்கள், அல்லது லிஸ்டுக்குப் பதில் கணக்கு வகை அர்ரேயைக் கொடுங்கள். அர்ரேக்குத் தன் உறுப்பு வகை எப்போதும் தெரியும்.